பாத வலிக்கு இன்சோல்: முதன்முறை செய்துகொள்பவர்களுக்கு

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீர் என்கிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது, சாயங்காலம் மறுபடி வந்துவிடுகிறது. இன்னொருவருக்கு நாள் முழுக்க நின்று வேலை பார்த்தால் முன்பாதம் எரிகிறது. மற்றொருவருக்குப் படி இறங்கும்போது முழங்காலின் உள்பக்கம் நோகிறது. "கால் அளவெடுத்து இன்சோல் செய்து போடுங்கள், சரியாகிவிடும்" என்று இவர்களிடம் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். செய்துகொள்ளலாமா, எப்படிச் செய்துகொள்வது, வாங்கிய பிறகு என்ன பண்ணுவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இன்சோல் என்பது ஷூவுக்குள் பாதத்தின் கீழே வைக்கும் அடித்தட்டு. முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். இன்சோல் போட்டதால் உங்கள் உடல் எடை குறையப் போவதில்லை, எலும்பின் அமைப்பும் மாறப் போவதில்லை. நோகிற இடத்தின் மேல் விழும் பாரத்தில் கொஞ்சத்தை எடுத்து, தாங்கக்கூடிய வேறொரு இடத்தின் மேல் வைக்கிறது. அதன் வேலை இவ்வளவுதான். ஆகவே எந்த இன்சோலைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எங்கிருந்து பாரத்தை எடுக்கிறது? எங்கே கொண்டுபோய் வைக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் இன்சோல் செய்துகொள்ள வேண்டாம்.

வலியைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. "கால் வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. ஒரு வாரம் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடம் எது, எந்த நேரத்தில் வருகிறது, எந்தச் செருப்பில் கூடுகிறது, எந்தச் செருப்பில் குறைகிறது. கடைசிக் கேள்விக்கான பதில் பல சமயம் ஸ்கேனை விட உதவியாக இருக்கும்.

குதிகாலின் அடியில், சற்று உள்பக்கமாக வலி. உட்கார்ந்து எழுந்ததும் அதிகம், நடக்க நடக்கக் குறையும் என்றால் அது பெரும்பாலும் பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டையின் வலி. பிளான்டார் ஃபாசியைட்டிஸ் என்பார்கள். அந்தப் பட்டை குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை போகிறது. உட்கார்ந்தபடி பெருவிரலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள், பாதத்தின் உள்வளைவும் கூடவே எழும். கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றிக்கொள்வது போல, பட்டை விரல் மூட்டைச் சுற்றி இறுகுவதால் இது நடக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஹிக்ஸ் 1954-இல் இதை விளக்கி எழுதினார். ஒவ்வோர் அடியிலும் குதிகால் தூக்கும்போது அந்தப் பட்டை இழுபடுகிறது. வளைவுக்குக் கீழே ஒரு தாங்கல் கொடுத்தால் அந்த இழுவை சற்றுக் குறையும் என்பதுதான் இன்சோலின் கணக்கு. எக்ஸ்ரேயில் குதிமுள், அதாவது குதிகால் எலும்பில் முள் போன்ற துருத்தல், தெரிகிறது என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது இருக்கிறது.

மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையே எரிச்சலும் மரமரப்பும் வந்து, ஷூவைக் கழற்றியதும் நிம்மதியாக இருந்தால், அங்கே நரம்பு நெருக்கப்படுகிறது. இதற்கு முதல் மருந்து அகலமான ஷூ. இன்சோல் அதற்கு அப்புறம்தான். பெருவிரலின் அடிமூட்டு இறுகி மேலே மடங்க மறுத்தால், வளைவுத் தாங்கலால் பெரிய பயன் இருக்காது. அந்த மூட்டு மடங்காமல் காப்பாற்றும் விறைப்பான தகடு பெருவிரலுக்குக் கீழே வேண்டும்.

குளித்துவிட்டு ஈரக்காலோடு தரையில் தடம் பதித்து, "எனக்குத் தட்டைப் பாதம், அதனால்தான் வலி" என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. தடம் பாதத்தின் வடிவத்தை மட்டும்தான் காட்டும், வலியின் காரணத்தைக் காட்டாது. தட்டைப் பாதத்தோடு வாழ்நாள் முழுக்க வலியே இல்லாமல் ஓடுபவர்கள் உண்டு. சிறு குழந்தைகளுக்கு உள்வளைவு தெரியாமல் இருப்பது இயல்பு, வளர வளர அது எழும். வலி இல்லாமல் ஓடி விளையாடும் குழந்தைக்கு இன்சோல் வேண்டாம்.

முழங்கால் வலிக்காக வருபவர்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். உள்பக்க மூட்டுத் தேய்மானத்துக்கு வெளிவிளிம்பு உயர்ந்த சாய்வு இன்சோல் போட்டால் பாரம் வெளிப்பக்கம் நகரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 200 பேரை வைத்து ஓராண்டு சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2011-இல் வெளிவந்தது. வலியிலும் சரி, குருத்தெலும்பு தேய்வதிலும் சரி, சாதாரணத் தட்டை இன்சோலை விட அது மேலாக இல்லை. அந்தச் செலவையும் நேரத்தையும் தொடைத் தசைக்கான பயிற்சியில் போடுவது நல்லது. முழங்காலோடு பாதமும் சேர்ந்து நோகிறது என்றால் பாதத்துக்காக இன்சோல் முயன்று பார்க்கலாம். முழங்காலுக்குக் கிடைப்பது கூடுதல் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மருத்துவரிடம்

சில வலிகளில் இன்சோல் பேச்சையே எடுக்கக் கூடாது. அடிபட்ட பிறகு நாலு அடிகூட வைக்க முடியாமை, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடு வீக்கம், நடைப்பயிற்சியோ ஓட்டமோ திடீரென்று கூட்டிய சில வாரங்களில் எலும்பின் ஒரே புள்ளியில் வரும் வலி, கெண்டைக்காலின் கீழே "பட்"டென்று அறுந்த உணர்வு — இவற்றில் எது இருந்தாலும் நேரே மருத்துவர்.

வயது வந்த பிறகு ஒரு காலின் வளைவு மட்டும் இறங்கிக்கொண்டே போனால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். ஒரு காலில் முடிகிறது, மறுகாலில் முடியவில்லை, கணுக்காலின் உள்பக்கம் நோகிறது என்றால், வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் பழுதாகியிருக்கலாம். ஆரம்பத்தில் கவனித்தால் இன்சோலும் பயிற்சியும் நன்றாகவே உதவும். முற்றிவிட்டால் அறுவைச் சிகிச்சை வரை போகும்.

நீரிழிவு உள்ளவர்கள் தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் இன்சோல் அழுத்துவது உங்களுக்குத் தெரியாது. மற்றவர்களை வலி எச்சரிக்கும், உங்களுக்கு அந்த எச்சரிக்கை வராமலே புண் வந்துவிடும். பத்து கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது. சில நிமிடத்தில் முடியும், வலிக்காது. அதைச் செய்துகொள்ளாமல் எந்த இன்சோலும் வாங்காதீர்கள், கடினமான பிளாஸ்டிக் தகட்டை அறவே தொடாதீர்கள். பாதம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள்.

ரெடிமேடா, அளவெடுத்துச் செய்ததா?

குதிகால் வலிக்கு முதலில் ரெடிமேட் போதும் என்பதுதான் என் எண்ணம். 135 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அளவெடுத்த இன்சோல், ஒன்றுக்கு ரெடிமேட், ஒன்றுக்குத் தாங்கலே தராத மெல்லிய நுரை என்று கொடுத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. அது 2006-இல் வெளியானது. மூன்று மாதத்தில் முதல் இரண்டு பிரிவினரும் நுரை போட்டவர்களை விட ஓரளவு நன்றாக நடமாடினார்கள். அந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டன. பொறுத்திருந்தால் பலருக்குக் குறைகிற வலி இது, ஆனால் அந்த இடைக்கால மாதங்களில் இன்சோல் கைகொடுக்கிறது. அந்த உதவி ரெடிமேடிலேயே கிடைக்கும்போது எடுத்ததும் பெரிய செலவு எதற்கு?

ரெடிமேட் வாங்கும்போது உள்வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சு போல முழுக்க அமுங்கினால், நீங்கள் ஏறி நின்றதும் அது தட்டையாகிவிடும். சற்றே அமுங்கி எதிர்த்து நிற்பது வேண்டும். அப்புறம், வளைவின் உச்சி உங்கள் பாதத்தின் உச்சியோடு பொருந்துகிறதா என்று நின்று பாருங்கள். ஷூ அளவு ஒன்றாக இருந்தாலும் சிலருக்குக் குதிகாலிலிருந்து வளைவு வரை நீளம், சிலருக்கு விரல் நீளம். ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சிலர் இந்தப் படியைத் தாண்டி நேரே அளவெடுத்துச் செய்வதற்குப் போகலாம். மிக உயர்ந்த வளைவும் வலியும் உள்ளவர்கள் அதில் முக்கியமானவர்கள். அப்படிப்பட்ட பாதத்தில் குதிகாலும் முன்பாதமும் மட்டுமே தரையைத் தொடுகின்றன, நடுப்பகுதி சும்மா தொங்குகிறது. அந்த வளைவுக்குப் பொருந்தும் அளவு உயரத்தில் ரெடிமேட் கிடைப்பது அரிது. 2006-இல் வெளிவந்த, 154 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், அளவெடுத்த இன்சோல் மூன்று மாதத்தில் இவர்களின் வலியைத் தெளிவாகவே குறைத்தது. முடக்குவாதத்தால் மூட்டுகள் கோணியவர்கள், விரல் இழந்தவர்கள், இரண்டு பாதமும் வெவ்வேறு வடிவில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும். ரெடிமேடில் பாதி குணம் கண்டு அதற்கு மேல் நகராதவர்களும் தாராளமாகப் போகலாம். ஏனென்றால் பாரத்தை நகர்த்தினால் உங்களுக்குப் பலன் இருக்கிறது என்பது ஏற்கனவே தெரிந்துவிட்டது.

அளவெடுக்கும் நாள்

பாத மருத்துவர், ஆர்த்தோடிஸ்ட் (இன்சோல் போன்ற உடல் தாங்கிகளைச் செய்து தரும் நிபுணர்), பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இவர்களில் ஒருவரிடம் போவீர்கள். உங்கள் வலிக்குறிப்பையும், அன்றாடம் போடும் ஷூக்களையும், மிகவும் தேய்ந்த பழைய ஜோடி ஒன்றையும் எடுத்துப் போங்கள். நல்லவராக இருந்தால் பாதத்தைத் தொடுவதற்கு முன் நிறையக் கேட்பார். என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், முன்பு என்ன போட்டீர்கள் என்றெல்லாம். படுக்க வைத்துக் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார். முன்னும் பின்னும் நடக்கச் சொல்வார். அழுத்தம் காட்டும் தட்டின் மேல் ஒரு நிமிடம் நிற்க வைத்து, திரையில் சிவப்பு நிறத்தைக் காட்டி உடனே விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிற்கும்போது குதிகாலின் கீழே சிவப்பு வருவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

அச்சு எடுக்க மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. படுக்க வைத்து ஈரப் பிளாஸ்டர் துணியைப் பாதத்தில் சுற்றிக் காயவைப்பது பழைய முறை. நுரைப் பெட்டிக்குள் பாதத்தை அழுத்தித் தடம் எடுப்பது இன்னொன்று. இப்போது முப்பரிமாண ஸ்கேன் பெருகிவிட்டது. எதில் எடுத்தார்கள் என்பதை விட, எடுக்கும்போது பாதத்தை எந்த நிலையில் பிடித்தார்கள் என்பது முக்கியம். முழு எடையோடு அமுங்கி நிற்கும் பாதத்தை அப்படியே அச்செடுத்தால் அமுங்கிய வடிவம்தான் இன்சோலாக வரும்.

எந்தப் பொருள் என்பதையும் கேளுங்கள். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகடு மெல்லியது, விறைப்பானது, ஷூவில் இடம் அடைக்காது, பல ஆண்டுகள் வரும். எடை கூடியவருக்குத் தகட்டின் தடிமனைக் கூட்டுவார்கள். ஈ.வி.ஏ. என்ற நுரை மெத்தென்றிருக்கும், தேய்த்துத் திருத்துவது சுலபம், ஆனால் சீக்கிரம் அமுங்கிவிடும், ஷூவில் இடமும் அதிகம் கேட்கும். கார்பன் இழை மிக மெல்லியது, ஆனால் பிறகு திருத்துவது கடினம். முதல் ஜோடிக்கு நான் ஈ.வி.ஏ.வைத்தான் சொல்வேன். முதல் ஜோடியில் திருத்தம் வராமல் இருப்பது அபூர்வம்.

முன்பாதம் நோகிறவர்கள் ஒன்றைத் தவறாமல் சரிபாருங்கள். முன்பாதத்துக்காக வைக்கும் சிறு மேடு, நோகிற எலும்பு முனையின் நேர் கீழே இருக்கக் கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக இருக்க வேண்டும். பின்னால் இருந்து தாங்கினால்தான் முனையின் மேல் பாரம் குறையும். நேர் கீழே வைத்தால் கல்லை மிதித்தது போல இன்னும் நோகும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு. நோகிற புள்ளியில் லிப்ஸ்டிக் தடவிக்கொண்டு, இன்சோல் உள்ள ஷூவுக்குள் காலை விட்டு நில்லுங்கள். இன்சோலில் விழும் கறைக்குப் பின்னால் மேடு தொடங்க வேண்டும். சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே வலி தலைகீழாக மாறும், ஆகவே நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் தற்காலிகமாக ஒட்டி நடந்து பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் இதையும் கேட்டுவிடுங்கள்: திருத்தங்கள் இந்த விலையிலேயே அடக்கமா, எத்தனை மாதம் வரை? நான் முதன்முதலில் செய்துகொண்டபோது இதைக் கேட்கவில்லை. இடது வளைவு உறுத்துகிறது என்று திரும்பிப் போனபோது ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் என்றார்கள். அந்த ஜோடி திருத்தப்படாமலே அலமாரிக்குப் போனது.

ஷூ சரியில்லையென்றால்

தொளதொளவென்று வளையும் ஷூவுக்குள் நல்ல இன்சோலை வைப்பது சேற்றில் தூண் நடுவது போல. ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவர் அழுத்தினால் மடியக் கூடாது, நடுப்பகுதி துணி போல முறுக்கிக்கொள்ளக் கூடாது, விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். உள்ளே இருக்கும் ஒரிஜினல் இன்சோல் கழற்ற வருவதாக இருக்கட்டும். புதியதை அதன் மேலேயே வைத்தால் கால் உயர்ந்து குதிகால் வெளியே நழுவும், விரல்கள் மேலே இடிக்கும். கயிறோ பட்டியோ கட்டாயம் வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது இன்சோலையும் கையோடு கொண்டுபோய் ஷூ வாங்குங்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வெளியே போகும் இரண்டு மணி நேரம் மட்டும் இன்சோல் போட்டுவிட்டு மிச்ச நேரமெல்லாம் கெட்டித் தரையில் வெறுங்காலோடு நின்றால் குதிகால் வலிக்கு ஓய்வே கிடைக்காது. வலி அதிகமுள்ள வாரங்களில் வீட்டுக்குள்ளும் தாங்கலுள்ள ஒரு செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கிக்கொள்ளுதல்

வாங்கிய அன்றே நாள் முழுக்கப் போடாதீர்கள். இதுவரை சும்மா இருந்த இடத்தின் மேல் இப்போது பாரம் விழுகிறது, அதற்குப் பழக நாள் வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முழு நாளுக்கு வந்துவிடலாம். ஓட்டம், விளையாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த நாட்களில் வளைவின் கீழே ஏதோ இருப்பது போன்ற உணர்வும், கெண்டைக்காலில் லேசான அலுப்பும் வரலாம். அது இயல்பு. கொப்புளம், கூர்மையான வலி, முன்பு இல்லாத முழங்கால் அல்லது இடுப்பு வலி இயல்பல்ல. கழற்றிய ஒவ்வொரு முறையும் பாதத்தைப் பாருங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடத்தில் இன்சோல் அதிகமாக அழுத்துகிறது. அதைப் பேனாவால் வட்டமிட்டுப் படம் எடுத்து, செய்தவரிடம் காட்டுங்கள். "சரியில்லை" என்று சொல்வதை விட அந்தப் படம் ஆயிரம் மடங்கு உதவும்.

வசதியில்லாத இன்சோலைப் பல்லைக் கடித்துக்கொண்டு போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆறு வாரம் ஆகியும், இரண்டு முறை திருத்தியும், காலையில் அதை எடுத்துப் போட மனம் வரவில்லை என்றால் அது உங்களுக்கான வடிவம் இல்லை. கண்டறிந்த காரணமே தவறாக இருக்கலாம், மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கூடவே செய்ய வேண்டியது

பாரத்தை நகர்த்தி வாங்கிய அவகாசத்தில் நோகிற இடத்தைப் பலப்படுத்த வேண்டும். குதிகால் வலிக்கு இரண்டு பயிற்சிகள் போதும். படுக்கையை விட்டு இறங்கும் முன், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, விரல்களைக் கையால் பின்னால் இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள், பத்து முறை. இரண்டாவது, படிக்கட்டின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன் மேல் உயர்ந்திருக்குமாறு நின்று, குதிகாலை மெதுவாக மூன்று விநாடியில் தூக்கி, சற்று நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத்துணியில் சிறிது சோப்பு தொட்டுத் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வடிவம் போய்விடும். கீச்சுச் சத்தம் வந்தால் ஷூவுக்குள் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்சோலைத் தட்டையான மேஜையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முன்பு எதிர்த்த இடம் இப்போது அமுங்கினால், மேலுறையையோ நுரையையோ மாற்ற வேண்டும்.

கோணல், உணர்ச்சிக் குறைவு, மிக உயர்ந்த வளைவு போன்ற நிலையான காரணம் உள்ளவர்கள் தொடர்ந்து போடத்தான் வேண்டும். மற்றவர்கள் வலி போய் இரண்டு மூன்று மாதம் ஆனதும், ஒருநாள் அதே ஷூவில் இன்சோலை எடுத்துவிட்டு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மறுநாள் காலை முதல் அடி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். வலி இல்லையென்றால் அடுத்த முறை ஒரு மணி நேரம்.